தீக்கு அஞ்சாப் பிளாஸ்டிக்கும் அகச்சிவப்புக் கதிரும்

பெட்ரோலியம் பற்றி எரியும் பொருள். அதன் வயிற்றிலே பிறந்தது பிளாஸ்டிக். தாயின் குணம் பிள்ளைக்கு இல்லாமற் போகுமா? நாம் நாள்தோறும் தொட்டுப் புழங்கும் பிளாஸ்டிக் வகைகளுட் பெரும்பாலானவை தீப்பட்டால் உருகி ஒழுகி எரியும் இயல்புடையவை. ஆனால் அதே பிளாஸ்டிக்கைக் கொண்டுதான் தொலைக்காட்சிப் பெட்டியின் முதுகும், கணிப்பொறியின் கூடும், மின்கம்பியின் உறையும் செய்யப்படுகின்றன. உள்ளே மின்சாரம் ஓடுகிறது, வெப்பம் பிறக்கிறது, என்றேனும் ஒரு நாள் பொறியும் பறக்கலாம். ஆகவே, இத்தகைய பொருள்களைச் செய்வோர் பிளாஸ்டிக்குடன் தீயை அடக்கும் ஒரு பொருளையும் கலந்து விடுகின்றனர். இதனைத் தீத்தடுப்புப் பொருள் என்போம்.

இப்பொருளைக் கண்ணால் காண முடியாது. மணமும் நிறமும் காட்டிக் கொடா. பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்காக ஒளிந்திருக்கும் இதனை அகச்சிவப்புக் கதிரின் உதவியால் கண்டுபிடிப்பது எப்படி, அக்கதிரின் சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

தீயை அடக்குவது எவ்வாறு?

பிளாஸ்டிக் நேரே எரிவதில்லை. சூடு ஏற ஏற அதன் நீண்ட மூலக்கூறுகள் சிதைந்து, எரியும் ஆவியாக வெளிப்படுகின்றன. அந்த ஆவிதான் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடிச் சுடராகிறது. சுடருக்குள் ஹைட்ரஜன் அணுக்களும் ஹைட்ராக்சில் துணுக்குகளும் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தோன்றி, தீயைச் சங்கிலித் தொடராக நடத்திச் செல்கின்றன. இச்சங்கிலியை அறுத்தால் தீ அணையும்.

புரோமின் கலந்த தீத்தடுப்புப் பொருள்கள் செய்வது இதுவே. சூடு பட்டதும் அவை ஹைட்ரஜன் புரோமைடை வெளிவிடுகின்றன. அது சுடருக்குள் புகுந்து அந்தத் துணுக்குகளைப் பிடித்துக் கொள்கிறது. ஆன்டிமொனி ஆக்சைடையும் உடன் சேர்த்தால் வேலை இன்னும் விரைவாக நடக்கும். அலுமினியம் ஹைட்ராக்சைடு வேறு வழியில் வேலை செய்கிறது. சுமார் 200 பாகை சென்டிகிரேடுக்கு மேல் அது சிதைந்து, தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியாக நீராவியை விடுகிறது. தீயின் மேல் தண்ணீர் தெளிப்பதற்கு ஒப்பானது இது. பாஸ்பரஸ் சேர்மங்களுள் பலவும் பிளாஸ்டிக்கின் மேற்புறத்தைக் கரியாக்கி, அக்கரியையே கேடயமாக நிறுத்துகின்றன.

இவற்றுள் எதுவாயினும் சிட்டிகை அளவில் போட்டால் பயன் இராது. ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கில் புரோமின் சேர்மங்கள் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை கலக்கப்படுவதுண்டு. அலுமினியம் ஹைட்ராக்சைடாயின் பாதிக்கு மேலும் கலக்க வேண்டி வரும். இந்த அளவுகளை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இவை நமக்குத் தேவைப்படும்.

காத்த பொருளே கேடானது

தீயிலிருந்து உயிரைக் காப்பதற்காக வந்த பொருள்களுட் சில, உயிருக்கே கேடாயின. 1973-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்தது ஒரு பெரும் எடுத்துக்காட்டு. மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் மக்னீசியம் ஆக்சைடையும், பிளாஸ்டிக்கில் சேர்க்கும் பல்புரோமினேற்ற பைபீனைல் என்னும் தீத்தடுப்புப் பொருளையும் ஒரே நிறுவனம் விற்று வந்தது. இரண்டின் வாணிகப் பெயர்களும் ஒலியில் ஒத்திருந்தன. மூட்டை மாறிப் போயிற்று. தீத்தடுப்புப் பொருள் தீவனத்தில் கலந்தது. மாடுகள் நலிந்தன, பால் வற்றியது. காரணம் இன்னதென்று 1974-இல்தான் தெரிய வந்தது. ஏறத்தாழ 30,000 மாடுகளையும் 15 லட்சம் கோழிகளையும் அழிக்க நேர்ந்தது. அதற்குள் அப்பண்ணைகளின் பாலையும் இறைச்சியையும் மக்கள் உண்டு விட்டனர்.

இச்சேர்மங்கள் எளிதில் சிதையா, கொழுப்பில் தங்கும், உயிரினத்திலிருந்து உயிரினத்திற்கு ஏறும். இவற்றின் உறவினராகிய புரோமினேற்ற டைபீனைல் ஈதர்களும் அத்தகையனவே. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இவற்றுட் சிலவற்றை 2009-லும், டெக்கா என்னும் வகையை 2017-லும் ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பாவில் 2006 ஜூலை முதல் மின்கருவிகளில் இவ்விரு குடும்பங்களும் நூற்றுக்கு 0.1 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டு மின்கழிவு விதிகளும் அதே 0.1 என்னும் எல்லையை வகுத்துள்ளன.

சட்டம் புதிய பொருளைத்தான் தடுக்கும். முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்த தொலைக்காட்சிப் பெட்டி என்னாகும்? அது உடைபட்டு, அரைபட்டு, உருகி, வேறு வடிவில் மறுபிறவி எடுக்கிறது. தில்லியிலுள்ள சீலம்பூரில் பழைய மின்கருவிகளைப் பிரிக்கிறார்கள். முண்ட்காவில் பிளாஸ்டிக் கழிவுகள் மலைமலையாக வாணிகமாகின்றன. இப்படிப் பிரிக்கப்படும் கறுப்புப் பிளாஸ்டிக்கில் எது பழைய தீத்தடுப்புப் பொருள் கலந்தது, எது கலவாதது என்று அறிந்து ஒதுக்காவிட்டால், அது சீப்பாகவும் கரண்டியாகவும் குழந்தையின் விளையாட்டுப் பொருளாகவும் வீட்டுக்குத் திரும்பி வரும்.

அகச்சிவப்பின் மொழி

1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியல் அறிஞர், முப்பட்டகக் கண்ணாடியால் பிரிந்த சூரிய ஒளியின் ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில், வெப்பம் மிகுந்திருக்கக் கண்டார். அதுவே அகச்சிவப்புக் கதிர்.

இக்கதிர் மூலக்கூறுகளை அடையாளம் காட்டுவது ஏன்? இரண்டு குண்டுகளை ஒரு சுருள்வில்லால் இணைத்து இழுத்து விட்டால் அவை ஓர் ஒழுங்கான கதியில் அதிரும். வில் விறைப்பாயின் அதிர்வு வேகமாகும். குண்டு கனமாயின் அதிர்வு மெதுவாகும். அணுக்களும் இவ்வாறே பிணைப்பு என்னும் வில்லால் கட்டுண்டு எப்போதும் அதிர்ந்தவண்ணம் இருக்கின்றன. தன் அதிர்வோடு ஒத்த அகச்சிவப்புக் கதிர் வந்தால் மூலக்கூறு அதனை விழுங்கிக் கொள்கிறது. அந்த அதிர்வால் மூலக்கூறின் மின் சமநிலை மாற வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. விழுங்கிய இடத்தில் கருவி வரையும் கோட்டில் ஒரு பள்ளம் விழும். இப்பள்ளத்தைப் பட்டை என்பர். பட்டைகளின் வரிசையே நிறமாலை.

பட்டையின் இடத்தை அலை எண்ணால் குறிப்பது வழக்கம். ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலைகள் அடங்கும் என்பதே அலை எண். நமக்கு வேண்டிய பகுதி 4000 முதல் 400 வரை. இலேசான ஹைட்ரஜன் கார்பனோடு சேர்ந்த பிணைப்பு 3000-ஐ ஒட்டி அதிர்கிறது. கனத்த புரோமின் கார்பனோடு சேர்ந்த பிணைப்போ பெரும்பாலும் 700-க்குக் கீழே இறங்கி விடுகிறது. குண்டு கனத்தால் அதிர்வு மெதுவாகும் என்று கண்டோமன்றோ? அது இங்கே கண்கூடு.

1905-இல் அமெரிக்கரான காப்லென்ட்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட பொருள்களின் அகச்சிவப்பு நிறமாலைகளை வெளியிட்டு இத்துறைக்கு அடித்தளம் இட்டார். திருச்சியில் பிறந்து கல்கத்தாவில் ஆராய்ந்த சர் சி. வி. இராமன் 1928-இல் கண்ட இராமன் விளைவும் இதே மூலக்கூறு அதிர்வுகளைத்தான், சிதறிய ஒளியின் வாயிலாக, நமக்குக் காட்டுகிறது. இரண்டும் உடன்பிறந்த முறைகள் எனலாம்.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. அகச்சிவப்பு பார்ப்பது தனி அணுவை அன்று, பிணைப்பையே. வேதியியல் மாணவர் பொடியைப் பொட்டாசியம் புரோமைடுடன் அரைத்து வில்லையாக்கிக் கருவியில் வைப்பதுண்டு. அவ்வில்லை முழுவதும் புரோமின்! ஆயினும் 4000 முதல் 400 வரை அது ஒரு பட்டையும் தருவதில்லை. ஏனெனில் அங்கே கார்பனும் புரோமினும் கைகோத்த மூலக்கூறு இல்லை. உப்புப் படிகமே உள்ளது. ஆகவே ‘புரோமின் உண்டா?’ என்று அகச்சிவப்பைக் கேட்பது தவறான கேள்வி. ‘எந்தச் சேர்மம்?’ என்பதே அதனிடம் கேட்கத் தக்க கேள்வி.

யார் எங்கே ஒளிந்திருக்கிறார்?

முதலில் பிளாஸ்டிக்கை அறிய வேண்டும். ஏ.பி.எஸ். ஆயின் 2237-ஐ ஒட்டிக் கார்பன்–நைட்ரஜன் முப்பிணைப்பின் சிறிய கூரிய பட்டை தோன்றும். பென்சீன் வளையம் 1494, 1452, 699 ஆகியவற்றின் அருகே பேசும். இவை பிளாஸ்டிக்குக்கு உரியவை. இவற்றைக் கழித்து எஞ்சியவற்றையே நாம் ஐயத்துடன் நோக்க வேண்டும்.

அலுமினியம் ஹைட்ராக்சைடு பிடிபடுவது எளிது. 3620-க்கும் 3400-க்கும் இடையே பல பட்டைகள் விரல்கள் போல வரிசையாக நிற்கும். மக்னீசியம் ஹைட்ராக்சைடு 3695-ஐ ஒட்டி ஒற்றை ஊசி போல ஒரு பட்டையைக் காட்டும். ஈரத்தின் பட்டை அகன்று மழுங்கியிருக்குமாதலால் அதனோடு இவற்றை மயங்க வேண்டுவதில்லை. பென்சீன் வளையம் கொண்ட பாஸ்பேட்டுகள் 1190-ஐயும் 960-ஐயும் ஒட்டி வலிய பட்டைகள் தரும். ஆனால் ஏ.பி.எஸ்.ஸிலுள்ள பியூட்டாடையீனும் 966-இல் பேசுவதால், 960-ஐ மட்டும் கண்டு பாஸ்பேட் என்று முடிவு கட்டுதல் கூடாது. இரண்டு சாட்சிகள் வேண்டும்.

டெக்கா என்னும் புரோமின் சேர்மத்தில் இரண்டு பென்சீன் வளையங்கள், நடுவே ஓர் ஆக்சிஜன், சுற்றிலும் பத்துப் புரோமின்கள். ஹைட்ரஜன் ஒன்றுகூட இல்லை. எடையில் நூற்றுக்கு 83 பங்கு புரோமினே. இதன் தலைசிறந்த அடையாளம் 1350-ஐ ஒட்டி வரும் வலிய பட்டை. கார்பன்–புரோமின் பிணைப்பின் பட்டையை நேரே தேடலாமே எனின், அது கீழ்க்கோடியில் உள்ளது. அவ்வளவு தூரம் இறங்கிப் பார்க்கும் வசதி எல்லாக் கருவிகளுக்கும் இல்லை. எனவே, புரோமின் ஏறியதால் இடம் பெயர்ந்த வளைய அதிர்வுகளைக் கொண்டே பெரும்பாலும் அடையாளம் காண்கிறோம்.

சோதனை செய்யும் முறை

முன்னாளில் பிளாஸ்டிக்கை மெல்லிய ஏடாக அழுத்தியோ பொடித்தோதான் கதிரை ஊடுருவச் செய்ய முடிந்தது. 1960-ஐ ஒட்டி ஹாரிக், பாரன்போர்ட் என்னும் இருவர் தனித்தனியே ஓர் எளிய வழி கண்டனர். வைரம் அல்லது ஜெர்மானியம் போன்ற ஒரு படிகத்தினுள் கதிரைச் செலுத்தி, அது உட்புறமாகவே முழுதும் எதிரொளிக்கும்படி செய்தனர். எதிரொளிக்கும் இடத்தில் கதிரின் ஒரு சாயல் படிகத்துக்கு வெளியேயும் சிறிது எட்டிப் பார்க்கும். அங்கே பிளாஸ்டிக்கை அழுத்தி வைத்தால் போதும். ஒரு நிமிடத்திற்குள் நிறமாலை கையில் வரும்.

அச்சாயல் எட்டும் ஆழம் ஏறத்தாழ ஒரு மைக்ரான், இரண்டு மைக்ரான். அதாவது தலைமயிரின் கனத்தில் ஐம்பதில் ஒரு பங்களவே. இதனால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. நன்மை, கறுப்புப் பிளாஸ்டிக்கையும் சோதிக்கலாம் என்பது. பெரிய ஆலைகளில் கழிவைப் பிரிக்கும் பொறிகள் அண்மை அகச்சிவப்பைப் பயன்படுத்துகின்றன. கறுப்பு நிறம் தரும் கரித்தூள் அக்கதிரை விழுங்கி விடுவதால் அவற்றுக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் புலப்படுவதில்லை. நாம் கூறிய படிக முறையில் ஓரளவு புலப்படும். ஜெர்மானியப் படிகமாயின் இன்னும் நலம். தீமை என்னவெனில், மேற்புறத்திலுள்ள வண்ணப்பூச்சும் கைப்பிசுக்கும் தூசியுமே பிளாஸ்டிக்கைப் போல நடித்து நம்மை ஏய்த்து விடலாம். ஆதலால் கத்தியால் சீவிப் புதிய முகத்தைக் காட்டித்தான் சோதிக்க வேண்டும்.

சோதனைக்கு முன் உட்புறத்தில் அச்சிட்ட குறியையும் பார்ப்பது நன்று. ‘எப்.ஆர்.’ என்னும் எழுத்துகளும் அடைப்புக்குள் ஓர் எண்ணும் இருந்தால் தீத்தடுப்புப் பொருள் உண்டு என்பது பொருள். 40 என்பது ஆலஜன் இல்லாத கரிமப் பாஸ்பரஸ் சேர்மத்தைக் குறிக்கும். 17 என்பது ஆன்டிமொனியோடு கூடிய புரோமின் சேர்மத்தை, தடைசெய்யப்பட்ட இரு குடும்பங்கள் நீங்கலாக, குறிக்கும். குறி உண்மை பேசுகிறதா என்பதை நிறமாலை சரிபார்க்கும்.

பட்டை இல்லையெனில் பொருள் இல்லையா?

இக்கட்டுரையின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. பிளாஸ்டிக்கில் கலந்த ஒரு பொருள் நூற்றுக்கு ஒரு பங்கு அளவிலாவது இருந்தால்தான் அகச்சிவப்பு அதனைத் தெளிவாகக் காட்டும். அதற்குக் குறைந்தால் அதன் பட்டைகள் பிளாஸ்டிக்கின் பட்டைகளுக்குள் மூழ்கி விடும். சட்டத்தின் எல்லையோ 0.1 பங்கு. இரண்டிற்கும் இடையே பத்து மடங்கு இடைவெளி!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய பெட்டி ஒன்றில் நூற்றுக்குப் பத்துப் பங்கு டெக்கா உள்ளது. அதனைக் கருவியில் வைத்தால் 1350-இல் பட்டை எழுந்து நிற்கும், ஐயமே இல்லை. அப்பெட்டியை உடைத்து, அதைப் போல் 49 மடங்கு தூய பிளாஸ்டிக்கோடு கலந்து உருக்குகிறார்கள். இப்போது டெக்காவின் அளவு 0.2 பங்கு. சட்ட எல்லையைப் போல் இரு மடங்கு. ஆனால் அகச்சிவப்பு நிறமாலையில் ஒன்றும் தெரியாது! இந்தக் கலவையில் செய்த பொம்மைக்குத் தீயைத் தடுக்கும் ஆற்றலும் இராது. அதற்குப் பத்துப் பங்கு வேண்டும் என்று முன்னரே கண்டோம். காவல் போயிற்று, கேடு மட்டும் தங்கிற்று.

எனவே, ‘பட்டை தெரிகிறது, ஆகவே பொருள் உண்டு’ என்பது நேர்மையான முடிவு. ‘பட்டை தெரியவில்லை, ஆகவே பொருள் இல்லை’ என்பது நேர்மையான முடிவு அன்று. ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்னும் பழமொழியும் இங்கே செல்லாது. சோற்றுப் பானை ஒரே அரிசியால் ஆனது. கழிவுக் குவியலோ நூறு வீட்டு அரிசி. பல துண்டுகளைப் பல இடங்களில் சோதித்தே ஆக வேண்டும்.

மூன்று கேள்விகள்

அப்படியாயின் வழி என்ன? கேள்விகளைப் பிரித்துக்கொள்வதே வழி. ‘புரோமின் உண்டா?’ என்ற முதற் கேள்விக்கு எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி விடை கூறும். கையிலேயே எடுத்துச் செல்லக்கூடிய அக்கருவி மிகச் சிறிய அளவு புரோமினையும் காட்டும். ஆனால் அது எந்தச் சேர்மத்தில் உள்ளது என்று அதற்குத் தெரியாது. செப்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிப் பிளாஸ்டிக்கைத் தொட்டுச் சுடரில் காட்டும் பழைய பைல்ஸ்டைன் சோதனையும் இவ்வகையினதே. பச்சைச் சுடர் வந்தால் ஆலஜன் உண்டு. ஆனால் குளோரின் கொண்ட பி.வி.சி.யும் அதே பச்சையைத்தான் காட்டும்.

‘எந்தச் சேர்மம், எந்தப் பிளாஸ்டிக்?’ என்ற இரண்டாம் கேள்வி அகச்சிவப்புக்கு உரியது. அலுமினியம், பாஸ்பரஸ் முதலிய இலேசான தனிமங்களைக் காண்பதில் கையடக்க எக்ஸ் கதிர்க் கருவி தடுமாறும் இடத்தில், அகச்சிவப்பு கைகொடுக்கும். ‘எவ்வளவு?’ என்ற மூன்றாம் கேள்வி, அதுவும் சட்டத்தின் முன் நிற்கும்படியான விடை வேண்டின், பொருளைக் கரைத்து வடித்து வாயு குரோமட்டோகிராபியும் பொருண்மை நிறமாலைமானியும் சேர்ந்த கருவியில் இட வேண்டும். அது செலவும் நேரமும் பிடிக்கும் வேலை; ஆதலால் முன்னிரு சோதனைகளால் வடிகட்டிய பின்னரே அதற்குப் போவர்.

‘எவ்வளவு?’ என்ற கேள்வியில் கருவி சரியாக இருந்தும் கணக்கு தவறலாம். 2024-இல் அமெரிக்காவில் கறுப்புப் பிளாஸ்டிக் வீட்டுப் பொருள்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை வெளியாயிற்று. அதில், 60 கிலோ எடையுள்ளவர் நாளொன்றுக்குத் தாங்கக்கூடிய டெக்காவின் அளவைக் காண 7,000-ஐ 60-ஆல் பெருக்கினார்கள். விடை 4,20,000 நானோகிராம் என்றிருக்க வேண்டும். 42,000 என்று அச்சாயிற்று. அதனால் அபாயம் எல்லையை நெருங்கி விட்டதாகத் தோன்றிற்று; உலகெங்கும் மக்கள் கரண்டிகளைத் தூக்கி எறிந்தனர். பின்னர்த் திருத்தம் வெளியாயிற்று. ஆயினும், உணவோடு புழங்கும் பொருள்களில் அச்சேர்மங்கள் இருந்தன என்னும் கண்டுபிடிப்பு பொய்யாகவில்லை. அச்சம் குறைந்தது, கேள்வி அப்படியே நிற்கிறது.

உடைபடும் முன்னே

இவ்வளவும் கண்டபின் ஒரு முடிவுக்கு வரலாம். அகச்சிவப்பின் வலிமை, பொருள் செறிந்திருக்கும் இடத்தில்தான். பெட்டி முழுதாக இருக்கும்போது தீத்தடுப்புப் பொருள் பத்துப் பங்காகச் செறிந்து நிற்கிறது; ஒரு நிமிடத்தில் பிடித்து விடலாம். அரைத்துக் கலந்த பின்னர் அதே பொருள் நழுவி விடும். விலை மிக்க கருவிகள் கொண்டு தேட வேண்டி வரும். ஆகவே சோதனை நடக்க வேண்டிய இடம், பொம்மை விற்கும் கடையன்று. பழைய பெட்டி பிரிபடும் களமே. குற்றவாளியைக் கூட்டத்தில் கலக்கும் முன்னே வாசலில் பிடிப்பதுதான் எளிது.

நண்பர்களே! நம் பல்கலைக்கழகத்திலும் விடுதியிலும் பழைய கணிப்பொறிகளும் திரைகளும் ஆண்டுதோறும் கழிக்கப்படுகின்றன. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, ஓராண்டில் 1,000 மின்கருவிகளாவது பயன்படுத்திய நிறுவனம் தன் மின்கழிவைப் பதிவு பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். அவை வாயிலில் வந்து நிற்கும் பழைய சாமான் வண்டியில் ஏறிச் செல்கின்றனவா, உரிய இடத்திற்குச் செல்கின்றனவா என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. வேதியியல் பயிலும் தோழர்கள் செய்முறை வகுப்பில் தூய பென்சாயிக் அமிலத்தின் நிறமாலையை வரைந்து மதிப்பெண் பெறுவதோடு நிற்காமல், கழித்த திரை ஒன்றின் முதுகிலிருந்து ஒரு துண்டைச் சீவி, ஆசிரியர் இசைவோடு கருவியில் வைத்துப் பார்க்கலாம். 1350-இல் பட்டை எழுந்தால், அத்துண்டு எந்தக் குவியலுக்குப் போகக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். எழாவிட்டால் எதைச் சொல்லலாகாது என்பதும் தெரியும். இரண்டாவது அறிவு முதலாவதைவிடக் குறைந்ததன்று.